இத்தனை எழுத்துப் பொம்மைகள் இருந்தும் என் மகன் ஏன் வாசிக்கவில்லை?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது இரண்டு மாதம். எல்.கே.ஜி. போகிறான். நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். பட்டனைத் தட்டினால் எழுத்தைச் சொல்லும் பொம்மை லேப்டாப், காந்த எழுத்துகள், எழுத்துகளைக் குழியில் பொருத்தும் மரப்பலகை, ஃபிளாஷ் கார்டு என்று நிறைய வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஏ முதல் இசட் வரை பாட்டாகவே பாடுவான். அ, ஆ, இ, ஈ-யும் சொல்வான். ஆனால் சி, ஏ, டி என்று மூன்று எழுத்தைச் சேர்த்து வைத்து என்ன சொல் என்று கேட்டால் முழிக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை, அதே வயதுதான், சின்னச் சொற்களைப் படிக்கிறாள். இவன் சில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதுகிறான். ஆறே மாதத்தில் சரளமாக வாசிப்பான் என்று சொல்லி ஒரு நிறுவனத்தார் 14,000 ரூபாய்க்கு ஒரு பொம்மைப் பெட்டி காட்டினார்கள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். வாங்கலாமா? முதலில் தமிழா, ஆங்கிலமா? மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.

— ஒரு தாய், திருப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

பெட்டி வேண்டாம். முன்பணமும் கட்ட வேண்டாம். உங்கள் மகன் எதிலும் பின்தங்கிவிடவில்லை. நான்கு வயதில் வாசிக்கிற குழந்தைகள் உண்டு, வாசிக்காத குழந்தைகள்தான் அதிகம். பின்லாந்தில் பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர்வதே ஏழு வயதில்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை படிப்பது நல்ல விஷயம், அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் பெட்டிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்கே வாசிக்கக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்து விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2012-ல் நடவடிக்கை எடுத்தது. அவர்கள் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. உங்களிடம் வந்தவர்களை எனக்குத் தெரியாது, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு குழந்தையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஆறு மாதம் என்று கெடு சொல்கிறவர்களுக்கு விற்கத் தெரியும் என்பது மட்டும்தான் நிச்சயம்.

இனி, வீட்டில் இருப்பவற்றைப் பார்ப்போம். அவை ஏன் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் எது வேலை செய்யும் என்பதும் விளங்கும்.

பொம்மை லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனைத் தட்டுகிறான், அது "ஏ" என்கிறது, ஒரு பாட்டு வருகிறது, விளக்கு மின்னுகிறது. இதில் அவன் வாயைத் திறக்க வேண்டிய இடம் எது? எங்குமே இல்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவருக்கும் பேச வாய்ப்பில்லை, ஏனென்றால் பொம்மைதான் பேசிக்கொண்டே இருக்கிறதே. 2016-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 26 குழந்தைகளையும் பெற்றோரையும் அவர்கள் வீட்டிலேயே பேச்சுப்பதிவு செய்து பார்த்தார்கள். சத்தம் போடும் மின்னணுப் பொம்மைகளோடு விளையாடியபோது பெரியவர்கள் பேசிய சொற்கள் குறைந்தன, மாறி மாறிப் பேசுவதும் குறைந்தது. புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் பேச்சு அதிகம். அந்தக் குழந்தைகள் 10 முதல் 16 மாதம் வரையிலானவர்கள், உங்கள் மகனைவிட மிகச் சிறியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் நான்கு வயதுக் குழந்தைகளிடமும் நான் காண்பது இதையேதான். 2018-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் பெற்றோருக்கு இதைத்தான் சொன்னது: பெரியவரும் குழந்தையும் சேர்ந்து விளையாட இடம் தரும் சாதாரணப் பொம்மையே போதும்.

மரப்பலகையில் வேறு சிக்கல். குழியின் வடிவத்தைப் பார்த்துத்தான் எழுத்தைப் பொருத்துகிறான். அந்த இடத்தில் ஒரு மீனோ காரோ இருந்தாலும் இதே வேகத்தில் பொருத்துவான். கைக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி, வாசிப்புக்கு இல்லை. ஃபிளாஷ் கார்டில் 'ஆ' பக்கத்தில் ஆடு நிற்கிறது. அவன் ஆட்டைப் பார்த்து "ஆ" என்கிறான், எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் படத்தைக் கையால் மறைத்துக் கேட்டுப் பாருங்கள்.

காந்த எழுத்துகள் உபயோகமானவை. ஆனால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான பெட்டிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டும்தான் இருக்கும். புத்தகத்தைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சிறிய எழுத்துகள். ஆகவே வாங்குவதானால் சிறிய எழுத்துப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வாரம் ஒரு தடவை பின்பக்கத்துக் காந்தம் கழன்றிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துச் சதையை நசுக்கிவிடும். பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியும் அப்படித்தான், உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியதாக இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்று 2021 ஜனவரி முதல் நாட்டில் விதி இருக்கிறது. கடைக்காரரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

சரி, அவன் ஏன் முழிக்கிறான்? சி, ஏ, டி என்ற மூன்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'சீயேட்டீ' என்றுதான் வரும், பூனை வராது. அவனுக்குத் தெரிந்தது எழுத்தின் பெயர், சொல்லுக்குள் இருப்பதோ ஓசை. தமிழிலும் இதே தொல்லை உண்டு, நாம் கவனிப்பதில்லை. 'ல்' என்ற எழுத்தை 'இல்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு 'ப', 'ல்' இரண்டையும் காட்டிச் சேர்த்துப் படி என்றால், பிள்ளை 'ப இல்' என்கிறது. அதற்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தோம்?

எனவே எழுத்துக்கு முன்னால் காது. சொல் என்பது சிறு சிறு ஓசைத் துண்டுகளால் ஆனது என்று காதுக்குப் புரிந்த பிறகுதான் கண்ணுக்கு எழுத்து பிடிபடும். இதற்குப் பொம்மை எதுவும் வேண்டாம். வேண்டியது பகல் முழுக்க அவனோடு இருக்கும் ஒரு பெரியவர், அதுதான் உங்கள் வீட்டில் இருக்கிறாரே. அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்பதை ஒரு குறைபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய வசதியாகத் தெரிகிறது.

அப்பத்தா சமையலறையில் இருக்கும்போது ஆடக்கூடியது இது: "க-வில் ஆரம்பிக்கிற சாமான் என்னென்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்." கடுகு, கரண்டி, கத்தரிக்காய் என்று அவன் தேடட்டும். தக்காளியைக் காட்டினால் சிரித்துவிட்டு, "த...க்காளி, அது த ஆச்சே" என்று சொன்னால் போதும். அடுத்தது கைதட்டல். யா-னை என்றால் இரண்டு தட்டு, தக்-கா-ளி என்றால் மூன்று, அவன் பெயருக்கு எத்தனை, அப்பத்தா பெயருக்கு எத்தனை? இது பழகியதும் கொஞ்சம் கஷ்டமானது: "தக்காளியில் 'தக்'கை எடுத்துட்டா என்ன மிச்சம்?" 'காளி' என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். கல், பல், நெல், சொல் என்று ஒரே மாதிரி முடியும் சொற்களைத் தேடலாம். அர்த்தமில்லாத சொல் வந்தாலும் பரவாயில்லை, ஓசை பொருந்துகிறதா என்பதுதான் ஆட்டம். நம் வீடுகளில் விடுகதையும் நாக்குப் பிசகும் வாசகங்களும் தாலாட்டும் காலகாலமாக இந்த வேலையைச் செய்துவந்தன. மாமியாரிடம் கேட்டால் உங்களுக்குத் தெரியாத பத்து அவரிடம் இருக்கும். ஒரு தடவைக்கு ஐந்து பத்து நிமிடம், அவன் ஓடிப்போனால் விட்டுவிடலாம்.

சில வாரங்கள் இப்படிப் போனபின் எழுத்து. இங்கே முதலில் தமிழ் என்றுதான் சொல்வேன். அவன் வீட்டில் பேசும் மொழி என்பது முதல் காரணம். எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிடச் சீராக இருப்பது இரண்டாவது. ஒரு மொழியில் ஓசையைச் சேர்த்துப் படிக்கத் தெரிந்துவிட்டால் அந்தத் திறமை அடுத்த மொழிக்கும் கூடவே வரும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆனால் 247 எழுத்துகள் கொண்ட சுவர் அட்டையை மாட்டிவிட்டு அ, ஆ-விலிருந்து ஒப்பிக்க வைக்காதீர்கள். அந்த வரிசை இலக்கணத்துக்கும் அகராதிக்கும் ஏற்றது. க-வுக்கு அடுத்து ங வருகிறது. ஒரு குழந்தை தன் கதைப் புத்தகத்தில் 'ங' என்ற எழுத்தை எத்தனை தடவை பார்க்கும்? 'ங்' வரும், 'ங' வருவதே இல்லை என்று சொல்லலாம்.

ஆறே எழுத்துகளில் தொடங்குங்கள்: ப, ட, ம, க, ல, ர. வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சதுரமாக வெட்டி, ஓர் அட்டைக்கு ஓர் எழுத்தாக, கட்டை விரல் அகலத்துக்குப் பெரிதாக எழுதுங்கள். ட, க, ம மூன்றுக்கும் இரண்டிரண்டு அட்டைகள் இருக்கட்டும். மெய்யெழுத்துக்குத் தனி அட்டை வேண்டாம். ஒரு புளியங்கொட்டையை எழுத்தின் தலையில் வைத்தால் அதுவே புள்ளி. ல அட்டைமேல் கொட்டையை வைத்தால் ல், எடுத்தால் ல. நாலு வயதுப் பையனுக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும். இந்த ஆறு எழுத்தில் கல், பல், படம், மரம், கடல், பகல், மலர், பட்டம், கட்டம் எல்லாம் வந்துவிடும். எல்லாமே அவனுக்குத் தெரிந்த சொற்கள்.

இந்த ஆறைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ல், ம், ர் மூன்றையும் இழுத்துச் சொல்ல முடியும். "ப...ல்ல்ல்" என்று நிறுத்தாமல் இழுத்தால் ஓசைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ட், க் ஆகியவற்றை அப்படி இழுக்க முடியாது, சொன்னதும் நின்றுவிடும். அதனால் முதல் சொற்கள் ல், ம், ர் என்று முடிவதாக இருக்கட்டும். இன்னொன்று, 'இல்', 'இம்' என்று எழுத்தின் பெயரைச் சொல்லாமல் வெறும் ஓசையை மட்டும் சொல்லப் பழகுங்கள். மாமியாருக்கு இது பழகக் கொஞ்ச நாள் ஆகும், நம் எல்லோருக்குமே எழுத்தின் பெயரைச் சொல்லித்தான் பழக்கம். கடலில் ஒரு மாதிரியும் பகலில் வேறு மாதிரியும் க ஒலிக்கிறதே என்று நீங்கள் கவலைப்படலாம். விளக்கம் சொல்லவே வேண்டாம். சொல் அவனுக்குத் தெரியும் என்பதால் அவனே சரியாகச் சொல்லிவிடுவான்.

பிறகு ஓர் அட்டையில் துணைக்கால் மட்டும் எழுதிக் கொடுங்கள். கல்லுக்கு நடுவே அந்தக் காலை நுழைத்தால் கால் ஆகிறது. பல், பால். படம், பாடம். பலகையைப் பொருத்துவதில் இல்லாத ஒன்று இதில் நடக்கிறது: அவன் கை ஓர் அட்டையை நகர்த்துகிறது, உடனே வேறு சொல் பிறக்கிறது. காகம், பாலம் என்று அவனே புதிதாக உருவாக்கத் தொடங்குவான். 'மாபம்' என்று ஏதாவது செய்து "இது என்ன?" என்பான். "மாபம்! அது என்ன மிருகமோ?" என்று சேர்ந்து சிரியுங்கள். இல்லாத சொல்லைப் படித்தான் என்றால் மனப்பாடத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே வாசிக்கிறான் என்று பொருள்.

கி, கு வகைகளுக்கு முழு எழுத்தாகவே அட்டை செய்ய வேண்டும். அந்தக் குறிகள் எழுத்தோடு ஒட்டி வருவதாலும் கு, பு, மு, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவமாக இருப்பதாலும் தனியாக வெட்ட முடியாது. கொம்பு வரும் எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கே என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. கோ-வில் இரண்டு பக்கமும் நின்று குழப்புகிறது. இடமிருந்து வலம் படிக்க இப்போதுதான் பழகும் குழந்தைக்கு இது அநியாயம்! யு.கே.ஜி.யில் பார்த்துக்கொள்ளலாம். இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை: உங்கள் மாமியார் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பள்ளியில் படித்தவராக இருந்தால், லை, ணை, றா, னா போன்ற எழுத்துகளைப் பழைய வடிவத்தில் எழுதக்கூடும். அட்டை எழுதும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பொம்மை என்று ஒன்று வாங்கியே தீர வேண்டுமானால், அதற்குப் பதில் கடையில் ஒரு தாள் உப்புத்தாள் வாங்குங்கள். எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டி, அவன் விரலால் தடவிக்கொண்டே ஓசையைச் சொல்லட்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியில் பயன்படுத்திய முறை இது. அவரே 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்றைக்குக் கடைகளில் அவர் பெயரை ஒட்டி ஆயிரக்கணக்கில் விலை வைக்கிறார்கள். உப்புத்தாளை வெட்ட ஒரு கத்தரிக்கோல் போதும். விஜயதசமியில் தட்டில் அரிசி பரப்பி அ எழுத வைத்தோமே, அதை அந்த ஒரு நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்தாலும் இதே பலன்தான். ரவையும் நன்றாக வரும். தப்பாக எழுதினால் தட்டை ஒரு குலுக்கு, அழிந்துவிடும். பென்சில் பிடித்து நோட்டில் பக்கம் பக்கமாக எழுதும் அவசரம் இந்த வயதில் வேண்டாம்.

செப்புச் சாமானும் வாசிப்புக்கு உதவும் என்றால் நம்புவீர்களா? சோறாக்கி, குழம்பு தாளித்து, வந்த விருந்தாளியோடு பேசி விளையாடும் குழந்தைக்குச் சொற்கள் பெருகுகின்றன, நடந்ததை வரிசையாகச் சொல்லவும் வருகிறது. நாளை ஒரு பத்தியை வாசித்துப் பொருள் புரிந்துகொள்ள இந்தச் சொற்கள்தான் வேண்டும். எழுத்துப் பொம்மை மட்டும் வாங்கிவிட்டு மற்றதை விளையாட்டு என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆங்கிலத்துக்கு வருவோம். பள்ளியில் எப்படியும் நடக்கும், வீட்டில் அதைப் பெரிதாக்க வேண்டாம். அவன் கேட்டால், எழுத்தின் பெயருக்குப் பதில் ஓசையைச் சொல்லுங்கள்: ஸ், அ, ட், இ, ப், ன். ஒலிவழி கற்பிக்கும் பல பள்ளிகள் முதலில் எடுத்துக்கொள்வது இந்த ஆறைத்தான், ஏனென்றால் இவற்றை வைத்தே நிறையச் சின்னச் சொற்கள் கிடைக்கும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெற்றோர் 'ப்' என்பதை 'ப' என்று உயிர் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், நமக்கோ புள்ளி வைத்த எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. அந்த வகையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு படி லாபம்.

இரவில் படுப்பதற்கு முன் பத்து நிமிடம் நீங்களோ கணவரோ ஒரு படக்கதை வாசித்துக் காட்டுங்கள். வேலை முடிந்து வரும் களைப்பு எனக்குப் புரிகிறது. பெட்டிக்கு வைத்திருந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், நல்ல தமிழ்ப் படப் புத்தகங்கள் ஒரு வருடத்துக்கு வந்துவிடும். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு. சென்னை தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக, இலவசமாகவே இருக்கின்றன. வாசிக்கும்போது "அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று நிறுத்திக் கேளுங்கள். பகலில் அதே புத்தகத்தை அப்பத்தா திரும்ப வாசிக்கட்டும். ஒரே கதையை முப்பது தடவை கேட்பான், அலுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு அது தேவைப்படுகிறது.

பொம்மை லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள், ஆபீஸ் ஆட்டம் ஆடுவான்.

எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவது இந்த வயதில் சகஜம். ஏழு வயது வரைகூடச் சில குழந்தைகளிடம் இருக்கும். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் நீடிக்கும் சிரமம், என்று நான்கு வயதில் முடிவு கட்ட முடியாது, யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். நான் கேட்க விரும்புவது வேறு. அவன் பேசுவது வெளியாருக்கும் புரிகிறதா? கூப்பிட்டால் முதல் தடவையே திரும்புகிறானா, டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்கிறானா? அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குக் காதின் உட்பக்கம் நீர் கட்டிக் கேட்கும் திறன் ஏறி இறங்கும், வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 'கல்'லும் 'பல்'லும் ஒன்றுபோலக் கேட்டால் எந்த விளையாட்டும் பலிக்காது. ஓசை விளையாட்டுகளைச் சில மாதம் ஆடியும் கைதட்டிச் சொல்லைப் பிரிப்பதே வரவில்லை என்றால் காது, கண் இரண்டையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் டி.ஈ.ஐ.சி. மையம் இருக்கிறது, பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. போவதற்கு முன் எல்.கே.ஜி. மிஸ்ஸிடம், வகுப்பில் பின்னாலிருந்து மெதுவாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை டாக்டரிடம் அப்படியே சொன்னால் உதவியாக இருக்கும்.